தோள்மூட்டுக்குள் வலி நிவாரண பம்பும் குருத்தெலும்பு அழிவும்

கேட்கப்பட்ட கேள்வியின் சுருக்கம் இது. தோள்மூட்டு அடிக்கடி நழுவிக்கொண்டிருந்த 26 வயதுத் தம்பிக்கு, ஆர்த்ரோஸ்கோபி முறையில் (சிறு துளை வழியே கேமராவைச் செலுத்திச் செய்யும் அறுவை) தோள்குழியின் விளிம்பில் கிழிந்திருந்த திசுவைத் தைத்துச் சரிசெய்திருக்கிறார்கள். அறுவைக்குப் பின் இரண்டு நாட்களுக்குச் சிறிய பந்து போன்ற ஒரு பம்பு தோளோடு இணைக்கப்பட்டிருந்தது. அந்த இரண்டு நாளும் வலியே தெரியவில்லை. மூன்று மாதம்வரை நன்றாகத் தேறிவந்த கை அதன்பின் இறுகத் தொடங்கி, எட்டாவது மாதத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு ஏறத்தாழ முழுவதும் போய்விட்டது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இதற்குப் பம்பு காரணமாக இருக்க முடியுமா என்பது முதல் கேள்வி. அம்மாவுக்கு நடக்கவிருக்கும் முழங்கால் மாற்று அறுவையிலும் அதே மாதிரிப் பம்பைப் பரிந்துரைத்திருக்கிறார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்கு என் பதில்: ஆம், முடியும். ஆனால் அது ஒரேயொரு விவரத்தைப் பொறுத்தது. பம்பிலிருந்து வந்த மெல்லிய குழாயின் முனை தோள்மூட்டின் உள்ளே இருந்ததா, வெளியே இருந்ததா என்பதே அந்த விவரம். இரண்டாவது கேள்விக்கும் இதே விவரத்தைக் கொண்டுதான் விடை காண வேண்டும். அங்கே விடை பெரும்பாலும் வேறாக இருக்கும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘பம்பு’ என்ற ஒரே சொல்லுக்குள் முற்றிலும் வேறுபட்ட பல சிகிச்சைகள் அடங்கியிருப்பதால், ஒன்றில் நேர்ந்த கேட்டுக்காக இன்னொன்றைக் கண்டு அஞ்சுவதும், ஒன்று பாதுகாப்பானது என்பதற்காக இன்னொன்றை நம்பிவிடுவதும் அடிக்கடி நடக்கின்றன.

முதலில் கருவியைப் பார்ப்போம். இதில் மின்சாரமோ மோட்டாரோ கிடையாது. ஒரு ரப்பர் பலூனுக்குள் மரத்துப்போகச் செய்யும் மருந்தை நிரப்பிவிடுவார்கள். பலூன் தானாகச் சுருங்கும்போது ஏற்படும் அழுத்தத்தில், நடுவில் இருக்கும் கட்டுப்பாட்டுத் துளை வழியாக மணிக்கு இத்தனை மில்லி என்ற சீரான வேகத்தில் மருந்து குழாய்க்குள் இறங்கும். மணிக்கு 2 மில்லி அல்லது 4 மில்லி என்ற அளவுகளே பரவலாக இருந்தன. பெரும்பாலும் 48 முதல் 72 மணி நேரம்வரை ஓடும். மருந்து தீர்ந்ததும் குழாயை உருவி எறிந்துவிடலாம். புபிவாக்கெய்ன் என்ற மருந்தே மிகுதியாகப் பயன்படுத்தப்பட்டது, 0.25 அல்லது 0.5 சதவீதச் செறிவில், பல சமயம் எபிநெஃப்ரின் (இரத்தக் குழாய்களைச் சுருக்கி, மரப்பு நீடிக்கச் செய்யும் மருந்து) கலந்து நிரப்புவார்கள். லிக்னோகெய்ன், ரோபிவாக்கெய்ன் போன்றவையும் உண்டு.

நோக்கம் நல்ல நோக்கமே. தோள் அறுவைக்குப் பிந்தைய முதல் இரண்டு நாள் வலி கடுமையானது. அதற்காக மார்ஃபின் வகை மருந்துகளைக் கொடுத்தால் வாந்தி, மயக்கம், மூச்சுத் தளர்ச்சி என்று வேறு தொல்லைகள் வருகின்றன. மருத்துவமனையில் தங்காமல் அன்றே வீடு திரும்பும் அறுவைகள் பெருகிய காலத்தில், வலியுள்ள இடத்திலேயே மருந்தைச் சொட்டச் செய்யும் ஒரு கருவியை மருத்துவர்கள் விரும்பியதில் வியப்பில்லை. 1990-களின் இறுதியிலிருந்து இதன் பயன்பாடு வேகமாகப் பரவியது. குழாயின் முனையைத் தோலுக்கு அடியிலும், தசைகளுக்கு இடையிலும், தோளின் மேற்பகுதியில் எலும்பு முகட்டுக்குக் கீழே உள்ள இடைவெளியிலும் வைத்தார்கள். சிலர் நேரடியாக மூட்டுக்குள்ளேயே வைத்தார்கள். கேடு வந்தது அந்தக் கடைசி இடத்தில்தான்.

ஏன் என்று புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆரோக்கியமான தோள்மூட்டில் இயல்பாக இருக்கும் மூட்டுநீர் ஓரிரு மில்லிதான். மூட்டை மூடியுள்ள உறை, சிரமமில்லாமல் சுமார் 10 முதல் 20 மில்லிவரை கொள்ளும். மணிக்கு 4 மில்லி வீதம் 48 மணி நேரம் ஓடும் பம்பு அதே இடத்துக்குள் 192 மில்லி மருந்தை இறக்குகிறது; 72 மணி நேரம் ஓடினால் 288 மில்லி. உட்சென்ற மருந்தில் ஒரு பகுதி கசிந்து வெளியேறும், ஒரு பகுதி இரத்தத்தில் கலக்கும் என்பது உண்மை. ஆனால் அப்படி வெளியேறும் மருந்தின் இடத்தைப் புது மருந்து உடனுக்குடன் நிரப்பிவிடுகிறது. ஆகவே மூட்டின் உட்பரப்பு இரண்டு மூன்று நாட்களுக்கு இடைவெளியே இல்லாமல், ஏறத்தாழ நீர்க்காத மருந்துக்குள் மூழ்கிக் கிடக்கிறது. நரம்புக்கு இது பெரிய சோதனை இல்லை. மருந்து நின்றதும் அது விழித்துக்கொள்ளும். குருத்தெலும்பின் கதை வேறு.

மூட்டில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. அதன் கனஅளவில் சில சதவீதம் மட்டுமே உயிருள்ள செல்கள். மீதி அனைத்தும் அந்தச் செல்கள் சுரந்து கட்டியெழுப்பிய கொலாஜன் வலையும், அந்த வலைக்குள் நீரைப் பிடித்துவைக்கும் புரோட்டியோகிளைக்கான் என்ற பெரிய மூலக்கூறுகளும், அந்த நீரும் ஆகும். அழுத்தும்போது நீரை விட்டு, அழுத்தம் நீங்கியதும் மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும் பஞ்சுபோல அது இயங்குகிறது. அந்த இயக்கத்தின்போதே மூட்டுநீரிலிருந்து செல்களுக்கு உணவு போய்ச் சேருகிறது. மூட்டுநீரில் எது இருக்கிறதோ அதுவே செல்லுக்குப் போகும் என்பதால், மூட்டுநீரின் இடத்தை மருந்து பிடித்துக்கொண்டால் அதுவும் உள்ளே போகும். அதை அடித்துச் செல்ல இரத்த ஓட்டம் அங்கே இல்லை. வளர்ந்தவர்களின் குருத்தெலும்பில் செல்கள் பெருகிப் புதுப்பித்துக்கொள்வது மிக மிக அரிது என்பதால், இறந்த செல்லின் இடத்துக்கு வேறு செல் வருவதும் இல்லை.

புபிவாக்கெய்ன் இந்தச் செல்களை நேரடியாகக் கொல்லக்கூடியது. செறிவு கூடக் கூட, நேரம் நீள நீள, இறக்கும் செல்களின் அளவும் கூடுகிறது என்பதை ஆய்வகச் சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா பழுதடைவது முக்கியக் காரணங்களில் ஒன்று. எபிநெஃப்ரின் கலந்த மருந்துக் கரைசல்கள் கலக்காதவற்றைவிட அமிலத்தன்மை மிக்கவை. எபிநெஃப்ரின் கெடாமலிருக்கச் சேர்க்கப்படும் சல்ஃபைட் உப்பும் அவற்றில் இருக்கும். இவையும் சேர்ந்து தீமையைக் கூட்டியிருக்கலாம். ஆனால் எபிநெஃப்ரின் இல்லாத மருந்தும் செல்களைக் கொல்லும் என்பதால், பழியை அதன்மீது மட்டும் போட்டுவிட முடியாது.

உங்கள் தம்பிக்கு மூன்று மாதம் நன்றாக இருந்ததே, பம்பு காரணமென்றால் அப்போதே வலித்திருக்க வேண்டாமா என்ற ஐயம் உங்களுக்கு வந்திருக்கும். இந்தக் கேடு இத்தனை காலம் கண்ணில் படாமல் போனதற்கும் அந்த இடைவெளிதான் காரணம். செல்கள் இறந்த அன்று குருத்தெலும்பின் தோற்றத்தில் எந்த மாற்றமும் இருக்காது. அவை கட்டிவைத்த வலை அப்படியே நிற்கும், மேற்பரப்பு வழுவழுப்பாகவே இருக்கும். ஆனால் புரோட்டியோகிளைக்கான்களை இடைவிடாமல் புதுப்பித்துக்கொண்டிருக்க வேண்டிய செல்கள் இல்லாததால், நீரைப் பிடித்துவைக்கும் திறன் வாரக்கணக்கில் குறைந்து, வலை மென்மையாகி, கை அசைவின் சாதாரண உராய்வுக்கே பிய்ந்து உதிரத் தொடங்குகிறது. குருத்தெலும்புக்கு நரம்பு இல்லை என்பதால், அது பெருமளவு போய் அடியிலுள்ள எலும்பு வெளிப்படும்வரையோ, உதிர்ந்த துணுக்குகளால் மூட்டின் உட்சவ்வு வீங்கும்வரையோ வலி தெரிவதில்லை. வலி தெரியும் நாளில் பம்பு குப்பைக்குப் போய்ப் பல மாதங்கள் ஆகியிருக்கும். அறுவை செய்தவரும் பிசியோதெரபி செய்தவரும் பயிற்சி போதவில்லை என்றே முதலில் நினைப்பார்கள்.

இந்தத் தொடர்பு வெளிவந்த விதத்தையும் சுருக்கமாகச் சொல்கிறேன். தோள் ஆர்த்ரோஸ்கோபிக்குப் பிறகு இளைஞர்களின் குருத்தெலும்பு விளக்க முடியாத வேகத்தில் கரைந்துபோவதைப் பற்றிய தனித்தனிக் குறிப்புகள் 2000-களின் முற்பகுதியிலேயே மருத்துவ இதழ்களில் வரத் தொடங்கின. அப்போது பலரும் ஐயப்பட்டது, அறுவையின்போது திசுவைச் சுருக்கப் பயன்படுத்திய வெப்பக் கருவிகளை. 2006-இல் 0.5 சதவீத புபிவாக்கெய்ன் மாட்டின் குருத்தெலும்புச் செல்களைக் கொல்வதை ஆய்வக முடிவுகள் காட்டின. அதே ஆண்டு, முயல்களின் தோள்மூட்டுக்குள் 48 மணி நேரம் மருந்தைச் செலுத்திப் பார்த்த சோதனையிலும் குருத்தெலும்பு பாதிக்கப்பட்டது தெரியவந்தது. 2007-இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வுதான் மருத்துவர்களை உலுக்கியது. மூட்டுக்குள் குழாய் வைத்து எபிநெஃப்ரின் கலந்த புபிவாக்கெய்ன் செலுத்தப்பட்ட 19 தோள்களில் 12 தோள்கள் குருத்தெலும்பை இழந்திருந்தன. இன்னொரு பெரிய ஆய்வு 2011-இல் வந்தது. ஒரே அறுவை மருத்துவர் செய்த 375 தோள் ஆர்த்ரோஸ்கோபிகளை அது ஆராய்ந்தது. அவற்றில் குருத்தெலும்பு அழிந்த தோள்கள் அத்தனையிலும், அறுவைக்குப் பின் மூட்டுக்குள் மரப்பு மருந்து தொடர்ந்து செலுத்தப்பட்டிருந்தது. நோயாளி இளையவராக இருந்தாலும், தோள்குழியில் ஆங்கர் (கிழிந்த திசுவை எலும்போடு பிணைக்கும், நூல் கோத்த சிறு ஆணி) பொருத்தப்பட்டிருந்தாலும் ஆபத்து கூடியதையும் அது காட்டியது. உங்கள் தம்பிக்கு இந்த இரண்டும் பொருந்தும்.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2009 நவம்பரில், இத்தகைய 35 பாதிப்புகளை ஆராய்ந்து எச்சரிக்கை வெளியிட்டது. அவற்றில் 97 சதவீதம் தோள் அறுவைக்குப் பிந்தையவை. மருந்து செலுத்திய இரண்டாவது மாதத்திலேயே வலியும் இறுக்கமும் தொடங்கியவர்கள் இருந்தார்கள். நோய் கண்டறியப்பட்ட காலத்தின் இடைநிலை அளவு எட்டரை மாதம். பாதிக்கும் மேற்பட்டோருக்கு மறு அறுவை தேவைப்பட்டது. இந்த மருந்துகளை மூட்டுக்குள் தொடர்ச்சியாகச் செலுத்துவதற்கோ, இந்தப் பம்புகளை அதற்குப் பயன்படுத்துவதற்கோ தாங்கள் ஒருபோதும் அனுமதி கொடுத்ததில்லை என்பதையும் அந்த அறிவிப்பு தெளிவாகச் சொன்னது. மருந்து உறைகளிலும் கருவியின் கையேடுகளிலும் எச்சரிக்கை சேர்க்கப்பட வேண்டும் என்ற உத்தரவும் வந்தது. அனுமதிக்கப்படாத பயன்பாடு என்றாலே குற்றம் என்று பொருளில்லை. மருத்துவத்தில் அனுமதி பெற்ற மருந்தை வேறொரு தேவைக்குப் பயன்படுத்துவது அன்றாடம் நடப்பதுதான். ஆனால் அப்படிப் பயன்படுத்துகிறவர், அந்த இடத்தில் அந்த மருந்து என்ன செய்யும் என்று யாராவது சோதித்துப் பார்த்தார்களா என்று கேட்டிருக்க வேண்டும். மூட்டு என்பது மருந்து ஊற்றிவைக்கும் வெற்றிடம் இல்லை, அதன் சுவரே உயிருள்ள திசு என்ற எண்ணம் அன்று போதிய அளவு இல்லாமல் போனது. தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு இது என்பதே என் உறுதியான கருத்து. இருபது வயதுகளில் இருந்தவர்கள் தோளை இழந்தார்கள் என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

தோளையே இது ஏன் இப்படித் தாக்கியது? இந்தப் பம்புகள் மூட்டுக்குள் மிகுதியாக வைக்கப்பட்டது தோளில்தான் என்பது ஒரு காரணம். தோளின் குருத்தெலும்பு மெல்லியது என்பது இன்னொன்று. பல இடங்களில் அது ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் கனமே இருக்கும், முழங்கால் சில்லின் பின்புறத்திலோ அது அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. தோள்மூட்டின் உட்கொள்ளளவு முழங்காலைவிடச் சிறிது. நழுவும் தோளுக்குச் செய்யும் அறுவையில் மூட்டுறையையும் இறுக்கித் தைப்பதால் அந்த இடம் இன்னும் சுருங்கி, மருந்து வெளியேற வழி குறைகிறது. ஆயினும் முழங்காலிலும் இதே பாதிப்பு பதிவாகியுள்ளது. எனவே இதைத் தோளுக்கு மட்டும் உரியதாகக் கருதக் கூடாது.

இப்போது உங்கள் தம்பியின் நிலைக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன வரலாறு இந்தப் பாதிப்பின் வழக்கமான போக்கோடு மிக நெருக்கமாகப் பொருந்துகிறது. ஆயினும் பொருந்துகிறது என்பதாலேயே முடிவு கட்டிவிட முடியாது. அறுவைக்குப் பின் தோள் இறுகுவதற்கு மிகச் சாதாரணமான காரணம், உறைந்த தோள் என்று சொல்லப்படும் மூட்டுறைச் சுருக்கம். அதிலும் பிறர் தூக்கிவிட்டால்கூடக் கை மேலே போகாது. ஆனால் அதில் எக்ஸ்ரே இயல்பாக இருக்கும். எலும்போடு எலும்பு உரசும் கரகரப்பு இருக்காது. குருத்தெலும்பு அழிந்த தோளில், சரியான கோணத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் பந்துக்கும் குழிக்கும் இடையிலுள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக மறைந்திருக்கும். வயதானோரின் மூட்டுத் தேய்வில் காணப்படும் எலும்பு முட்கள் தொடக்கத்தில் பெரும்பாலும் இருக்காது. கோணத்தைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. நேராக நிற்கவைத்து மார்பைப் படமெடுப்பதுபோல எடுத்தால், தோளின் பந்தும் குழியும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, இடைவெளி உண்மையில் இருந்தாலும் இல்லாததுபோலத் தெரியும். உடலைச் சற்றுத் திருப்பி, குழியின் விளிம்பு ஒரே கோடாகத் தெரியும்படி எடுத்த படமும், அக்குள் வழியாக எடுத்த படமும் இல்லாமல் ‘குருத்தெலும்பு போய்விட்டது’ என்ற முடிவுக்கு வந்திருந்தால், அந்த இரண்டையும் எடுக்கச் சொல்லுங்கள்.

விலக்கிப் பார்க்க வேண்டியவை இன்னும் சில உள்ளன. முதலாவது, மெதுவாகப் புகையும் கிருமித்தொற்று. தோலில் வாழும் க்யூட்டிபாக்டீரியம் என்ற கிருமி காய்ச்சலோ சீழோ இல்லாமல், இரத்தச் சோதனையில்கூடப் பெரிதாகத் தெரியாமல் மூட்டைக் கெடுக்கக்கூடியது. மூட்டிலிருந்து எடுக்கும் மாதிரியை வழக்கத்தைவிடக் கூடுதலான நாட்கள் வளர்த்துப் பார்த்தால்தான் அது பிடிபடும். இரண்டாவது, ஆங்கர் ஒன்று குழியின் பரப்புக்கு மேலே துருத்திக்கொண்டு எதிர்ப்பக்கக் குருத்தெலும்பைச் சுரண்டிக்கொண்டிருப்பது. அப்படியென்றால் சேதம் ஒரே இடத்தில், கோடு கிழித்தாற்போல் இருக்கும். அதை உடனே அகற்றினால் மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம் என்பதால் இதைத் தவறவிடக் கூடாது. அறுவையில் பயன்படுத்திய வெப்பக் கருவியும் ஒரு வாய்ப்பு. இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தும் நடந்திருக்கலாம்.

ஆகவே நீங்கள் முதலில் கையில் வாங்க வேண்டியது, அறுவைக் குறிப்பின் முழு நகல். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது; அதில் ‘வலி நிவாரண பம்பு பொருத்தப்பட்டது’ என்ற ஒற்றை வரிக்கு மேல் பெரும்பாலும் எதுவும் இருக்காது. அறுவை மருத்துவர் எழுதிய குறிப்பின் கடைசிப் பகுதியில், தையல் போடுவதற்கு முந்தைய வரிகளில், குழாயை எங்கே வைத்தார் என்பது இருக்கும். ‘மூட்டுக்குள்’ என்றோ தோள்மூட்டு இடைவெளி என்றோ இருந்தால் ஒரு பொருள். எலும்பு முகட்டின் கீழ் இடைவெளி என்று இருந்தால் வேறொரு பொருள். இந்த இரண்டாவது இடத்தையும் தோள்மூட்டையும் பிரிப்பது சுழற்றித் தசைகளின் தசைநார்கள். அவை முழுமையாக இருந்தால் மருந்து மூட்டுக்குள் இறங்குவது தடுக்கப்படும், அவற்றில் முழுக் கிழிசல் இருந்தால் இறங்கிவிடக்கூடும். மயக்க மருந்தியல் குறிப்பில் எந்த மருந்து, என்ன செறிவு, எபிநெஃப்ரின் உண்டா, பம்பின் கொள்ளளவு எவ்வளவு, மணிக்கு எத்தனை மில்லி என்பவை இருக்கும். பம்பின் மாதிரி எண் அச்சிட்ட ஸ்டிக்கர் நோயாளியின் கோப்பிலோ பொருட்களுக்கான பில்லிலோ கிடைக்கும். ஆர்த்ரோஸ்கோபியின்போது எடுத்த படங்களோ காணொளியோ இருந்தால் அவற்றையும் கேளுங்கள். அன்று குருத்தெலும்பு நன்றாக இருந்தது என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று இல்லை. ‘முன்பே தேய்ந்திருந்தது’ என்று யாரேனும் சொன்னால் அந்தப் படம் பதில் சொல்லிவிடும்.

சிகிச்சையைப் பற்றி ஆறுதலுக்காக எதையும் மிகைப்படுத்திச் சொல்ல நான் விரும்பவில்லை. போன குருத்தெலும்பைத் திரும்பக் கொண்டுவரும் மருந்தோ ஊசியோ இன்று இல்லை. தொடக்க நிலையில் வலி மாத்திரைகள், அளவான பிசியோதெரபி, தேவைப்பட்டால் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி ஆகியவற்றால் வலியைக் கட்டுக்குள் வைத்து அசைவைக் காப்பாற்ற முயல்வார்கள். இறுக்கம் மிகுந்தால் ஆர்த்ரோஸ்கோபி வழியே உதிரிகளை நீக்கி, சுருங்கிய உறையைத் தளர்த்தலாம். இது சிலருக்குச் சில காலம் நிம்மதி தரும். அதற்கும் அடங்காதபோது மூட்டு மாற்று அறுவைதான் மிஞ்சும். இங்கேதான் இளம் வயது பெரிய சிக்கலாகிறது. எழுபது வயதில் பொருத்தும் செயற்கைத் தோள் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் தாங்கும். 26 வயதில் பொருத்தினால், குறிப்பாகக் குழிப்பக்கம் வைக்கும் பிளாஸ்டிக் கிண்ணம் தளர்ந்து, மறு அறுவைகள் தேவைப்படும் வாய்ப்பு மிகுதி. எனவே சில அறுவை மருத்துவர்கள் பந்தை மட்டும் உலோகத்தால் மாற்றி, குழியைச் செதுக்கிச் சீராக்கி விட்டுவிடும் முறையை இளைஞர்களுக்குத் தேர்கிறார்கள். அதன் பலன், அறுவைக்குப் பிந்தைய பல மாத விடாப்பயிற்சியைப் பெரிதும் சார்ந்தது. தானத் திசுவைக் குழியில் போர்த்தும் முறைகளும் முயலப்பட்டன, பலன் பெரும்பாலும் ஏமாற்றமே. எதைச் செய்வதானாலும் அவசரம் வேண்டாம். இளைஞர்களின் தோள் மாற்று அறுவையில் நிறைய அனுபவமுள்ள ஒருவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்ட பிறகே முடிவெடுங்கள். கை தூக்க முடியாத 26 வயது இளைஞர் வேலையையும் விளையாட்டையும் சேர்த்தே இழக்கிறார் என்பதால், அவரது உறக்கத்தையும் மனநிலையையும் வீட்டார் கவனித்துக்கொள்வதும் சிகிச்சையின் பகுதியே.

பொறுப்பு யாருடையது என்ற கேள்வியும் இதில் எழும். அமெரிக்காவில் பம்பு தயாரிப்பாளர்கள்மீது நூற்றுக்கணக்கான வழக்குகள் தொடரப்பட்டன. தீர்ப்புகள் ஒரே திசையில் போகவில்லை. அறுவை நடந்த ஆண்டில் இந்த ஆபத்தை நிறுவனம் அறிந்திருந்ததா, அறிந்திருக்க வேண்டுமா என்பதே பெரும்பாலான வழக்குகளின் மையம். உதாரணமாக, 2004-இல் நடந்த அறுவை தொடர்பான ஒரு வழக்கில், அன்றைய மருத்துவ இலக்கியத்தில் இந்த ஆபத்து தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தயாரிப்பாளருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மூட்டுக்குள் பயன்படுத்த அனுமதி கேட்டு, அது கிடைக்காத பிறகும் விற்பனை தொடர்ந்தது என்ற வாதம் வேறு வழக்குகளில் எடுபட்டது. உங்கள் தம்பியின் அறுவை 2009 எச்சரிக்கைக்கு மிகவும் பிந்தியது. அன்று தெரியாது என்ற பதிலை இன்று யாரும் சொல்ல முடியாது. மூட்டுக்குள் வைத்தது உறுதியானால், ஏன் வைத்தீர்கள், ஆபத்தைச் சொன்னீர்களா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. வழக்குத் தொடரக் காலவரம்பு உண்டு. அது இடத்துக்கு இடம் மாறுவதால், ஆவணங்கள் கைக்கு வந்தவுடன் வழக்கறிஞரைப் பாருங்கள். வழக்கு வேண்டாம் என்று முடிவு செய்தாலும், மருந்து மற்றும் கருவிப் பாதிப்புகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்புக்குத் தெரிவியுங்கள். அந்த 35 பாதிப்புகளும் அப்படி யாரோ தெரிவித்ததால்தான் ஒன்றுசேர்த்துப் பார்க்கப்பட்டன.

ஒரு முறை மட்டும் மூட்டுக்குள் போடும் ஊசியும் இதே கேட்டைச் செய்யுமா என்ற கேள்வி இதிலிருந்து இயல்பாக எழும். எலிகளில் 0.5 சதவீத புபிவாக்கெய்னை ஒரே முறை செலுத்தி ஆறு மாதம் கழித்துப் பார்த்த 2010-ஆம் ஆண்டு ஆய்வில், மேற்பரப்பு நன்றாகத் தோன்றியபோதும் உள்ளே செல்களின் அடர்த்தி 50 சதவீதம்வரை குறைந்திருந்தது. மறுபக்கம், மனிதர்களில் இத்தகைய ஒற்றை ஊசிகள் பல்லாண்டுகளாகப் போடப்பட்டும் இந்த வகைப் பேரழிவு காணப்படவில்லை. 48 மணி நேரம் மருந்து செலுத்திய முயல்களிலேயே மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது குருத்தெலும்பு தேறியிருந்ததாகவும் ஆய்வு உண்டு, ஆனால் முயலின் மீளும் திறன் மனிதருக்கு இல்லை. என் நிலைப்பாடு இது: நோயறிய ஒரு முறை போடும் நீர்த்த ஊசிக்கு அஞ்ச வேண்டாம், இளைஞரின் நல்ல மூட்டுக்குள் அடர்த்தியான மருந்தைத் திரும்பத் திரும்பப் போடுவதை ஏற்க வேண்டாம். ரோபிவாக்கெய்ன் புபிவாக்கெய்னைவிட மனிதச் செல்களுக்கு மென்மையானது என்று 2008-இல் ஆய்வக ஒப்பீடு காட்டியது; ஆனாலும் அதையும் மூட்டுக்குள் நாள்கணக்கில் ஓடவிடலாம் என்று அதற்குப் பொருளில்லை.

இனி அம்மாவின் அறுவை. முழு முழங்கால் மாற்றில், தொடை எலும்பின் முனையிலும் கால் எலும்பின் முனையிலும் உள்ள குருத்தெலும்பை வெட்டியெடுத்துவிட்டு உலோகமும் பிளாஸ்டிக்கும் பொருத்துகிறார்கள். அழிவதற்கு அங்கே குருத்தெலும்பு மிஞ்சுவதில்லை. சில அறுவை மருத்துவர்கள் முழங்கால் சில்லின் பின்புறத்தை மாற்றாமல் அப்படியே விடுவார்கள், அங்கே மட்டும் சொந்தக் குருத்தெலும்பு எஞ்சும். பாதி முழங்கால் மாற்று என்றால் நிலைமை வேறு. மாற்றப்படாத பாதியில் நல்ல குருத்தெலும்பு இருக்கிறது. தவிரவும், முழங்கால் மாற்றில் பம்பு என்று இன்று சொல்லப்படுவது பெரும்பாலும் தொடையின் நடுப்பகுதியில் நரம்பை ஒட்டி வைக்கும் குழாய். அது மூட்டிலிருந்து விலகி, தசைகளுக்கு நடுவே இருக்கிறது. கழுத்தின் பக்கவாட்டில் நரம்புக் கட்டை மரக்கச் செய்யத் தோள் அறுவைக்கு வைக்கும் குழாயும் அப்படித்தான். இவற்றுக்கு வேறு கவனங்கள் தேவை: காலில் வலு குறைந்து தடுமாறி விழலாம், கழுத்துப் பக்கம் வைத்தால் ஒரு பக்க மூச்சுத்தசை தற்காலிகமாகத் தளரலாம், குழாய் நுழையுமிடத்தில் தொற்று வரலாம். குருத்தெலும்பு அழிவு அந்தப் பட்டியலில் இல்லை. அம்மாவின் வயதில் நல்ல வலி நிவாரணம் கிடைத்தால் அவர் மறுநாளே எழுந்து நடக்க முடியும். அதனால் இரத்தம் உறைதல், நுரையீரல் தொற்று ஆகியவற்றின் ஆபத்து குறையும். எனவே பம்பு என்ற பெயரைக் கேட்டவுடன் மறுத்துவிடாதீர்கள்.

அறுவைக்கு முந்தைய சந்திப்பில் மயக்க மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். குழாயின் முனை எந்த இடத்தில் இருக்கும்? எந்த மருந்து, என்ன செறிவில், எத்தனை மணி நேரம் ஓடும்? முழங்கால் சில்லை மாற்றுகிறீர்களா, விடுகிறீர்களா? நரம்பை ஒட்டி என்று பதில் வந்தால் ஒப்புக்கொள்ளலாம். மூட்டுக்குள் என்று வந்தால், முழு மாற்று அறுவையில்கூட அதன் தேவையை விளக்கச் சொல்லுங்கள். சில்லில் சொந்தக் குருத்தெலும்பு மிஞ்சுமானால் அதற்குப் பதிலாக நரம்பை மரக்கச் செய்யும் முறையைக் கேட்டுப் பெறுங்கள். கிடைத்த பதிலை ஒப்புதல் படிவத்தில், ‘குழாய் மூட்டுக்குள் வைக்கப்படாது’ என்ற ஒரு வரியாக எழுதச் சொல்லி, அம்மா கையெழுத்திடும் முன் நீங்கள் படித்துப் பாருங்கள்.